நீல மையில் இரண்டெழுத்து

கோர் என்று ஓர் ஊர், நியூசிலாந்தின் தெற்கே.
அங்கே அது பெயர்; நம் காதுக்கோ ஏவல்.
அந்த ஏவலுக்குக் கீழ்ப்படிந்தவன்
லாக்லன் பெட்ரி ஒருவன்தான்.

ஆற்றோரத்து ஆறு ஏக்கரை விற்று
அக்காளும் தம்பியும் சரிபாதி பிரித்த வாரம்
இஷ்பெல் கடைக்குப் போனாள்.
பால் லாரி ஓட்டுகிறவள், காத்திருக்கத் தெரியாதவள்.
விளிம்பில் அடிபட்டு வெடிக்கும் சின்னத் தோட்டாவுக்கு
ஒரு குறிச்சுடு துப்பாக்கி,
தொழிற்சாலையே மெருகேற்றியது:
கனத்த குழல், திருகினால் இளகும் விசை,
கன்னத்துக்கு ஏறி இறங்கும் கட்டை.
பெட்டி, ரசீது, இரண்டாண்டு உத்தரவாதம்.
செவ்வாய் வாங்கி வியாழன் சுட்டாள்.

பெட்டிக்குள் ஒரு சோதனைத் தாள்.
ஐந்து தோட்டா, ஒரே கிழிசல்,
சட்டைப் பொத்தான் வைத்தால் மறைந்துவிடும்.
கீழே நீல மையில் இரண்டெழுத்து:
கடல் கடந்த ஏதோ பட்டறையில்
அவளுக்கு முன்பே இதைத் தோளில் வைத்த ஆள்.
தாளை லாரியின் வெயில்மறைப்பில் செருகிவைத்தாள்.
"இடுக்கியில் பூட்டிச் சுட்டது அது.
இடுக்கிக்கு நெஞ்சு அடிக்காது" என்றான் தம்பி.
"இடுக்கியா கையெழுத்துப் போட்டது?" என்றாள்.

லாக்லன் கோர்க்கத் தொடங்கினான்.
இறைச்சி ஆலையில் எலும்பு பிரிக்கும் கை;
மூட்டு எங்கே விலகும் என்று கத்திக்குத் தெரியும்,
எப்படிச் சேரும் என்பதுதான் புதிது.
குழல் ஒரு நாட்டிலிருந்து,
விசை இன்னொன்றிலிருந்து,
உடற்பகுதிக்குப் பதினோரு மாத வரிசை.
திருகாணிப் பொட்டலம் ஒன்று சுங்கத்தில் சிக்கியது:
சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.
வால்நட் கட்டை துணி அலமாரியில்
கோட்டுகளுக்கு நடுவே நின்றது,
கிளம்ப மனமில்லாத விருந்தாளி போல.
தோட்டா அறை கடைய இன்வர்கார்கிலில் ஒருவர்,
அங்குலத்தை ஆயிரமாக வகுத்துப் பேசுகிறவர்,
வெள்ளிக்கிழமைகளில் மட்டும் போன் எடுப்பார்.

அந்தக் குளிர்காலம் முழுக்க அவன் சுடவில்லை.
சங்கத்துக்கு வந்தான்.
பாய் விரித்தான், தேநீர் போட்டான்,
அடுத்தவர் அட்டைகளை எண்ணிக் கொடுத்தான்.
கோர்த்து முடியாத துப்பாக்கி
ஒருமுறையும் குறி தப்பியதில்லை;
அதைப் பற்றி அவனிடம் கேட்டால்
தேநீர் ஆறிவிடும்.

இஷ்பெல்லுக்குத் தொண்ணூற்றேழு, தொண்ணூற்றாறு,
ஒருநாள் தொண்ணூற்றொன்பது.
கழன்றுபோன அந்த ஒன்று
துப்பாக்கியுடையதா, தன்னுடையதா?
தோட்டா பிராண்டை மாற்றினாள்.
விசையைத் திருகினாள்,
திருகியதைத் திரும்பத் திருகினாள்.
தோள்தட்டு மாறியது, பார்வைத் துளை மாறியது.
உத்தரவாதம் எந்தத் திருகலில் செத்ததோ.
செலவை அவள் கூட்டிப் பார்க்கவில்லை.
கூட்டினால் தம்பியின் தொகைக்குப் பக்கத்தில் போய் நிற்கும்.

இரண்டாவது ஜூலை. வெளியே உறைபனி,
கூடத்தில் கேஸ் கணப்பின் நெடி.
லாக்லன் கொண்டுவந்தான்.
அழகாகத்தான் இருந்தது; யாரும் தொடவில்லை.
இருபத்தைந்து கெஜம், பத்துத் தோட்டா,
தொண்ணூற்றிரண்டு.
சிரித்தான், எழுந்தான், முழங்கையைத் தேய்த்தான்.
குறைசொல்ல ஒரு தொழிற்சாலை இல்லை,
எல்லாம் அவனே பார்த்துப் பார்த்துச் சேர்த்தது.
இன்வர்கார்கில்காரரைக் கூப்பிடலாமென்றால்
இன்று வியாழன்.

விளக்கணைக்கும் நேரத்தில்
புதுத் தாள் ஒன்றை அவளிடம் நீட்டினான்.
"ஐந்து. நீ சுடு."
படுத்தாள். அவன் கன்னத்துக்குச் செதுக்கிய கட்டை,
அவளுக்கு அரை அங்குலம் உயரம்.
கழுத்தை நீட்டி, பாதி மூச்சை விட்டு, மீதியை நிறுத்தி,
நான்கு ஒரே கிழிசலில்.
ஐந்தாவது இடப்பக்கம் தள்ளி, தனியே.
"அது நான்" என்றாள்.
"தெரியும். போடு."

பண்ணை ரசீதுகளில் ஒப்பமிடும் பேனாதான்.
குளிரில் மை வரவில்லை;
தாளின் ஓரத்தில் இரண்டு கிறுக்குக் கிறுக்கி
வரவழைத்துக்கொண்டு
எழுதினாள்: இ. பெ.